விருந்தினர் எண் ஏழு

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நாங்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வோம். அதனால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. தப்பு கொத்தனாருடையது.

பக்கத்து வீட்டில் இருந்தவர் மீட்டர்காரர். தண்ணீர் ஆபீஸில் வேலை. தெருத் தெருவாகப் போய், இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து, டார்ச் அடித்து, முள் காட்டுகிற எண்ணை எழுதிக்கொண்டு வருவார். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, சொந்தம் என்று ஒரே ஒரு தங்கை. அவளைக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் ஜெராக்ஸ் கடைக்காரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டு மணி நேரப் பேருந்து. மாதம் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் போய் அவள் மாமியார் இப்போது எப்படி என்று விசாரித்துவிடுவேன்.

பிறகு வன அனுபவ வாரியம் வந்தது.

அந்தக் காடு அனுபவிக்க ஆளில்லாமல் வீணாகிறது என்று மேலே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். உடனே நான்கு நாள் கானகப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். நடை, கூடாரம், ஆதி கிராமத்தில் தங்கல், கடைசியில் ஆற்றில் ரப்பர் படகு. ஆதி கிராமத்துக்கு எங்கே போவது? தங்கை வாழ்ந்த ஊரையே ஆதி கிராமம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆதி கிராமத்துக்குப் பேருந்து வரலாமா? நிறுத்தினார்கள். செல்போன் கோபுரம் இருக்கலாமா? கழற்றினார்கள். நர்ஸ்? வேறு ஊருக்கு மாற்றினார்கள். கடைசியில் காட்டு முகப்பில் ஒரு கேட் போட்டு, வாரியத்தின் பயணத்தில் வருகிறவர்களைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது, ஊர்க்காரர்கள் சீசன் முடிகிறவரை வெளியே வரக்கூடாது என்று பலகை மாட்டினார்கள். விளம்பரத் தாளில் ‘நாற்பத்து மூன்று ஆதி மக்கள்’ என்று அச்சடித்தாகிவிட்டதாம். ஒரு தலை குறைந்தால் விருந்தினரை ஏமாற்றின மாதிரி ஆகிவிடுமாம்.

“ஒரு வாரியம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர். தபால் பதிவுப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டு நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார். தபால் மட்டும்தான் வருவதில்லை.

ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் வந்து மீட்டர்காரர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கானகப் பயணம் போய்த் திரும்பியவர். அவர் வாங்கி வந்த நினைவுப் பொருளான மூங்கில் குவளைக்குள் அந்தச் சீட்டு சுருட்டி வைத்திருந்ததாம். மீட்டர்காரர் அதைச் சத்தமாகப் படித்தார். சுவர் எனக்கும் படித்துக் காட்டியது.

“அண்ணா, எட்டு மாசம் ஆயிடுச்சு. நர்ஸ் போறதுக்கு முன்னாடி பார்த்துட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கு, ஆஸ்பத்திரியிலதான் பெத்துக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. கேட்டைத் தாண்ட விடமாட்டேங்கறாங்க. எப்படியாவது வா.”

மறுநாள் காலையிலேயே அவர் வாரியத்தின் ஆபீஸுக்குப் போனார். அங்கே குளிர்சாதன அறையில், பிளாஸ்டிக் கொடிகள் படர்ந்த ஒரு மேஜைக்குப் பின்னால் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். காட்டின் படம் சுவரில் இருந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்த நிஜக் காட்டுக்குத் திரை போட்டிருந்தார்கள்.

“தங்கச்சியைப் பாக்கணுமா? விண்ணப்பத்துல ‘உறவு’ன்னு ஒரு கட்டமே இல்லையே” என்றார் இயக்குநர். “நான் சொல்றதை நீங்க புரிஞ்சுக்கணும். நாப்பத்தி மூணுன்னு அச்சடிச்சாச்சு. அந்தம்மா வெளிய போனா நாப்பத்தி ரெண்டு. உள்ளயே பெத்தா நாப்பத்தி நாலு. ரெண்டுமே எங்களுக்குச் சிரமம். பிரசவத்தை சீசன் முடிஞ்சதும் வெச்சுக்கச் சொல்லுங்களேன்?”

“சார், அது எப்படி சார் தள்ளி வைக்க முடியும்?”

“மனசு வெச்சா முடியாதது இல்லை. எங்க விழாவையே ரெண்டு தரம் தள்ளி வெச்சிருக்கோம்.”

மீட்டர்காரர் எழுந்துகொண்டார். வெளியே வந்து, பக்கத்துக் கவுன்டரில் கானகப் பயணத்துக்குத் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டார். இடம் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது.

இனி நான் சொல்வது அவர் தங்கையும், அவரோடு பயணம் போன ஒருவரும் சொன்னது. அவர்கள் சொல்லாமல் விட்டதையும் நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

எட்டு விருந்தினர். ஆளுக்கு ஓர் ஆரஞ்சு நிறத் தொப்பியும் எண் போட்ட ஒரு மேல்சட்டையும் கொடுத்தார்கள். நம் ஆள் எண் ஏழு. அந்தத் தொப்பிக்குள் முந்தின ஏழாம் எண்ணின் இரண்டு மயிரும், அவருக்கு முந்தினவருடைய வியர்வையும் இருந்தன. மேல்சட்டையை யாரும் துவைப்பதில்லை; துவைத்தால் எண் அழிந்துவிடுமாம். செல்போன்களை ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டினார்கள். பிறகு எல்லாரும் கையை நீட்டி, ‘காட்டைக் கண்டு வியப்பேன், குறித்த இடத்தில் வியப்பேன்’ என்று உறுதிமொழி எடுத்தார்கள்.

நான் கேலிக்குச் சொல்லவில்லை. வழியெல்லாம் ‘வியப்புப் புள்ளி’ என்று பலகை நட்டிருக்கிறார்கள். அங்கே வந்ததும் வழிகாட்டி விசில் ஊதுவான். எட்டுப் பேரும் நின்று “ஆ!” என்று சொல்ல வேண்டும். அவன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான். நான்காவது புள்ளியில் மரக்கிளையில் ஒலிபெருக்கி கட்டி, பறவைச் சத்தம் போட்டிருந்தார்கள். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததால் அந்தப் பறவை எருமைக் குரலில் கூவியது. அதற்கும் “ஆ!” நிஜக் கிளிக் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது எட்டாம் எண் விருந்தினர் தன்னை அறியாமல் “அடேயப்பா” என்றுவிட்டார். அவர் ஒரு பல் டாக்டர்.

“எட்டு, புள்ளி இன்னும் வரலை” என்றான் வழிகாட்டி. “இப்பவே வியந்துட்டா அப்புறம் எதை வெச்சு வியப்பீங்க?”

அரை மணிக்கு ஒரு தரம் தலை எண்ணுவான். தலை என்று சொல்வதுகூடத் தப்பு. அவன் தொப்பியைத்தான் எண்ணுவான். முதல் நாள் சாயங்காலம் பல் டாக்டர் தொப்பியை ஒரு புதர்மேல் மாட்டிவிட்டு ஒதுங்கப் போயிருந்தார். வழிகாட்டி புதரையும் சேர்த்து எண்ணி, “எட்டு. சரி” என்று எழுதிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டான். பாவம், டாக்டர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வந்தார்.

மீட்டர்காரர் அதைப் பார்த்தார். “எங்க ஆபீஸ்காரன் மாதிரியே இருக்கான்” என்று முணுமுணுத்தாராம்.

இரண்டாம் நாள் ஆதி கிராமம். ஊர் எல்லையில் புதருக்குள்ளிருந்து இலையாடை கட்டின ஒருவன் ஈட்டியோடு குதித்து உறுமினான். ஜெராக்ஸ் கடைக்கார மாப்பிள்ளைதான். சொந்த மச்சானைப் பார்த்து உறுமுவதற்கு எப்படி மனசு வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பின்னால் குறிப்பேட்டோடு ஒருவன் நின்றால் நீங்களும் உறுமுவீர்கள். உறுமிவிட்டுப் பக்கத்தில் வந்தவன் ஈட்டியை ஆட்டிக்கொண்டே, “மச்சான், சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க” என்று பல்லைக் கடித்தபடி சொன்னான்.

ஊருக்குள் சிமென்ட் வீடுகளுக்கெல்லாம் சேறு பூசியிருந்தார்கள். காஸ் அடுப்பைப் பாய்க்கு அடியில் ஒளித்து, முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டிப் புகை போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காலையில் முகம் கழுவி, பிறகு அளவாக மண் தடவிவிட ஒரு பணியாளர். ஒரு மூலையில் கூடை ஒன்று கவிழ்த்திருந்தது. மீட்டர்காரருக்குக் கை சும்மா இருக்குமா? தூக்கிப் பார்த்தார். தண்ணீர் மீட்டர். குழாயை அடைத்து முத்திரை வைத்திருந்தார்கள், முள் செத்துக் கிடந்தது. ஏனென்றால் பெண்கள் ஆற்றுப் பக்கத்து ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது விருந்தினருக்குப் பிடித்த காட்சி.

அப்படிக் கொண்டுவந்தவர்களில் ஒருத்தி அவர் தங்கை. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், நடுவில் ஒன்பது மாத வயிறு. கேமரா வைத்திருந்த மூன்றாம் எண், “வெளிச்சம் சரியா விழலை. திரும்பவும் அங்கேயிருந்து நடந்து வரச் சொல்லுங்க. வயிறு தெரியற மாதிரி” என்றார். அவள் திரும்பவும் போய் நடந்து வந்தாள். மூன்று தரம்.

“இது நாங்க ஏற்பாடு பண்ணினது இல்லைங்க” என்று வழிகாட்டி பெருமையோடு சொன்னான். “தானா அமைஞ்சுது. எல்லா விருந்தினருக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அடுத்த சீசனுக்கும் யாராவது இருந்தா நல்லா இருக்கும்னு மேல எழுதியிருக்கோம்.”

இதைக் கேட்டபோது நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். சொன்ன அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஊர்க்காரர்கள் விருந்தினரோடு மூன்றே வாக்கியம் பேசலாம். ‘வாங்க’, ‘காடுதான் எங்க தாய்’, ‘போயிட்டு வாங்க.’ அண்ணன் அவள் முன்னால் போய் நின்றார்.

“வாங்க” என்றாள்.

“எப்படிம்மா இருக்கே? வலி கிலி இருக்கா?”

அவள் வழிகாட்டியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். “காடுதான் எங்க தாய்” என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மூன்றாம் எண் அதையும் படம் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணியிலிருந்து நான்கு இருபதுவரை ‘தன்னை உணரும் நேரம்.’ விருந்தினர்கள் மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். வழிகாட்டி வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். அந்த இருபது நிமிஷத்தில் அண்ணனும் தங்கையும் ஒரு வைக்கோல் தடுப்புக்குப் பின்னால் பேசினார்கள்.

“நாளைக்கு இந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு நீ போயிடு. நான் இங்க இருக்கேன்.”

“ஊர்லயும் எண்ணுவாங்களேண்ணா.”

“எண்ணட்டுமே. நாப்பத்தி மூணு வேணும், அவ்வளவுதானே? எந்த நாப்பத்தி மூணுன்னு எவன் கேட்டான்? பதினஞ்சு வருஷமா மீட்டர் பாக்கறேன். எண் சரியா இருந்தா மேல ஒருத்தனும் மூடியைத் தூக்கிப் பாக்க மாட்டான்.”

“நான் பொம்பளைண்ணா!”

“தொப்பிக்கு அது தெரியாது.”

“இந்த வயித்தை எங்க கொண்டு போய் ஒளிக்கறது?”

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல். பல் டாக்டர் தன்னை உணராமல் இவர்களை உணர்ந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

“நாளைக்குப் படகு இருக்கில்ல” என்றார். “எல்லாருக்கும் காத்தடைச்ச கவசம் கட்டுவாங்க. கட்டினா எல்லாருமே நிறைமாசம்தான்.” பிறகு அவசரமாக, “ஆனா ஒண்ணு, எனக்குக் கடைவாய்ப் பல்லு வரைக்கும்தான் வைத்தியம் தெரியும். அதுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது” என்றார்.

“கார் இருக்கா டாக்டர்?”

“கேட்டுக்கு வெளிய நிக்குது.”

“அது போதும்.”

நான்காம் நாள் ஆற்றங்கரை. அதற்கு நான் ஆற்றங்கரை என்று சொல்கிறேனே தவிர, ஆற்றில் தண்ணீர் கிடையாது. அணை வேறொரு துறையின் கையில் இருக்கிறது. ‘பயண நாட்களில் ஆறு ஓட வேண்டும்’ என்று வாரியம் எழுதின கடிதம் இரண்டு வருஷமாக அங்கே பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை பயணத்தை நிறுத்த முடியுமா? ரப்பர் படகை மணல்மேல் வைத்து, முன்னால் ஒரு டிராக்டரைக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பணியாளர்கள் வாளித் தண்ணீரோடு கூடவே நடந்துவந்து விருந்தினர் முகத்தில் இறைத்தார்கள். விருந்தினர்கள் துடுப்பால் காற்றைத் தள்ள வேண்டும்.

தண்ணீர்தான் இல்லையே தவிர, முழுகாமல் இருப்பதற்கான கவசம் கட்டாயம். எட்டு ஆரஞ்சு வயிறுகள் வரிசையாகப் படகில் உட்கார்ந்தன. வழிகாட்டி எண்ணினான். “எட்டு. சரி.” ஊருக்குள் நாற்பத்து மூன்றும் சரியாக இருந்தது. அதில் ஒன்று, முகத்தில் சேறும் இடுப்பில் இலையுமாகக் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது. படகு நகர்ந்தபோது அது தங்கையைப் பார்த்துக் கையைத் தூக்கப் போய், நினைவு வந்து, ஓர் உறுமலோடு நிறுத்திக்கொண்டது.

“பேரலை வருது! குனியுங்க!” என்று வழிகாட்டி கத்தினான். ஏழு பேர் குனிந்தார்கள். ஏழாம் எண்ணால் குனிய முடியுமா? ‘எண் ஏழு ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டான்.

“அவருக்கு இடுப்புப் பிடிப்புங்க” என்றார் பல் டாக்டர். கவசத்தின் பக்கப் பட்டையை யாருக்கும் தெரியாமல் அவர்தான் தளர்த்திவிட்டிருந்தார்.

பாதி வழியில், டிராக்டர் ஒரு கல்லில் ஏறி இறங்கியபோது அவளுக்கு வலி எடுத்துவிட்டது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல்.

வழிகாட்டிக்கு முகம் மலர்ந்தது. “அருமை! இதுதான் அனுபவம்! எல்லாரும் ஏழாம் எண் மாதிரி அலறணும், எங்கே?”

எல்லாரும் அலறினார்கள். அடுத்த அரை மணி நேரம் அவள் அலறும்போதெல்லாம் படகு முழுக்கக் கூடவே அலறியது. பிரசவ வலிக்கு இத்தனை ஒத்தாசை வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடைத்திருக்காது.

கேட்டுக்கு உள்ளே பந்தல் போட்டு இயக்குநர் காத்திருந்தார். சான்றிதழ் வாங்காமல் யாரும் வெளியே போக முடியாது, எண்ணிக்கை இடிக்கும். அதற்கு முன்னால் அவர் சுருக்கமாக நான்கு வார்த்தை பேசினார். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

“இன்னிக்கு மனுஷன் இயற்கையை விட்டு விலகிட்டான். நாங்கதான் அவனைப் பிடிச்சு இழுத்துக் கொண்டாந்து விடறோம். இந்த ஆதி மக்களைப் பாருங்க. ஏதாவது கேக்கறாங்களா? பஸ் கேக்கறாங்களா? போன் கேக்கறாங்களா? ஒண்ணும் கேக்கமாட்டாங்க. கேக்கறதுக்கு வழியே இல்லாம அவ்வளவு நிம்மதியா வெச்சிருக்கோம்.”

கைத்தட்டல். பல் டாக்டர் எழுந்து நின்று, “சார், ஏழாம் எண்ணுக்கு வயிறு சரியில்லை, சான்றிதழை முதல்ல குடுத்துடுங்க” என்றார். அவளைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினார். தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. இயக்குநர் சான்றிதழைப் பார்த்து மீட்டர்காரரின் பெயரை வாசித்தார், பெயருக்கு முன்னால் ‘திரு’வைச் சேர்த்து. மேலும் கீழும் பார்த்தார். அந்த ஒரு நொடி தன் உயிர் போய்த் திரும்பியது என்றாள் அவள்.

“காட்டுக் காத்து உங்களுக்கு நல்லா ஒத்துக்கிச்சு சார்” என்றார் இயக்குநர். “நாலே நாள்ல எவ்வளவு சதை போட்டிருக்கீங்க! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

அவளுக்கு அடுத்த வலி வந்துகொண்டிருந்தது. வாயில் எது வருமோ அதுதான் வந்தது.

“காடுதான் எங்க தாய்.”

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாலு நாள்ல ஒரு நகரத்து ஆணோட குரலே எப்படிக் கனிஞ்சு போச்சு பாருங்க! இதை எழுதிக்கப்பா” என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னாராம். பத்து நாள் கழித்துப் பல் டாக்டர் தாயையும் பிள்ளையையும் எங்கள் தெருவில் கொண்டுவந்து இறக்கினார். அண்ணன் வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. இப்போது சுவர் வழியாக எனக்கு அழுகைச் சத்தம் கேட்கிறது. நல்ல கனத்த குரல். படகிலேயே பழகியிருக்கும்.

சரி, மீட்டர்காரர்? அவர் அங்கேயேதான் இருக்கிறார். என் வீட்டுக்காரர் வாரியத்துக்கு ஒரு மனு எழுதினார், ‘எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் திரும்பவில்லை’ என்று. தங்கை வந்ததை எழுதினால் அவளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நான்தான் அதை எழுதவிடவில்லை. மூன்றாம் வாரம் பதில் வந்தது. பதிவேட்டின்படி விருந்தினர் எண் ஏழு மகிழ்ச்சியோடு, உடல் தேறித் திரும்பிவிட்டார். சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

“அப்போ வந்துட்டார்தான் போல” என்றார் என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே. “ஒரு வாரியம்னா…”

“சாப்பிட வாங்க” என்றேன்.

தண்ணீர் ஆபீஸிலும் யாரும் அவரைத் தேடவில்லை. போன மாத எண்ணையே இந்த மாதமும் எழுதிவிடுகிறார்கள். மூன்று மாதமாக எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அச்சு அசலாக ஒரே அளவு தண்ணீர் ஓடுகிறது.

போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் கானகப் பயணம் போய்விட்டு வந்தாள். தெருவையே கூப்பிட்டு வைத்துப் படம் காட்டினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கையும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இவரைப் பாரு, அசல் ஆதி மனுஷன்!” என்றாள் எதிர்வீட்டு அம்மாள். “கண்ணைப் பாரு, எவ்வளவு பழமை! வாயைத் திறந்து ‘காடுதான் எங்க தாய்’னு சொன்னாரு பாரு, எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு.”

படத்தில் இலையும் சேறுமாக மீட்டர்காரர், கவிழ்த்த கூடையைக் கொஞ்சமாகத் தூக்கி, குனிந்து, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷம் மாதம் தவறாமல் அந்த அம்மாள் வீட்டு வாசலில் இதே மாதிரி குனிந்தவர். அவள் அவருடைய முதுகைத்தான் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது.

தங்கை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும்தான் வாயைத் திறந்தாள். குழந்தையிடம்தான் சொன்னாள். “மாமா எப்படி இளைச்சுட்டாங்க பாத்தியாடி?” சுவர் வழியாக எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு வந்த சத்தம் குழந்தையுடையது இல்லை.

மறுநாள் காலை நான் வாரியத்தின் கவுன்டருக்குப் போய் அடுத்த பயணத்துக்கு ஒரு பெயரைப் பதிவு செய்துவிட்டு வந்தேன். என் பெயரை இல்லை, என் வீட்டுக்காரர் பெயரை. தகுதி என்ன வேண்டும் என்று கேட்டேன். எண்ணும்போது அசையாமல் உட்காரத் தெரிந்தால் போதும் என்றார்கள். அதில் அவருக்கு முப்பத்தொரு வருஷ அனுபவம் இருக்கிறது. சாயங்காலம் ஜெராக்ஸ் கடை மாப்பிள்ளைக்கு ஒரு சீட்டு எழுதி, என் வீட்டுக்காரர் பையின் தையலுக்குள் வைத்துத் தைத்தேன். விண்ணப்பத்தில் தொப்பி அளவு கேட்டிருந்தார்கள். மத்தியானமே அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தபோது தலையை நூலால் அளந்து பார்த்திருந்தேன். மீட்டர்காரர் தலையும் ஏறக்குறைய அதே அளவுதான்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். ஒரு வாரியம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.